பால் கோல்ட்ஸ்மித்: வெறும் 9 வெற்றி என்று ஒதுக்கலாமா?

மணற்பாதை எழுதியது:

ஐம்பது, அறுபதுகளின் ஸ்டாக் கார் (சாலைக் காரைப் பந்தயத்துக்கு மாற்றியது) ஓட்டுநர்கள் என்றதும் எல்லோரும் ஃபயர்பால் ராபர்ட்ஸ், கர்ட்டிஸ் டர்னர், ஜூனியர் ஜான்சன், ரிச்சர்ட் பெட்டி என்று போய்விடுகிறார்கள். அவர்கள் பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பால் கோல்ட்ஸ்மித்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். 2024 செப்டம்பரில் தன் 98-வது வயதில் அவர் இறந்தபோது வந்த செய்திகளில், ஸ்டாக் கார் பந்தயம் நடத்தும் பெரிய அமைப்பான நாஸ்காரை மட்டும் வைத்து, "நாஸ்காரில் 127 பந்தயம், 9 வெற்றி" என்ற வரி தவறாமல் இருந்தது, அதைப் படிக்கிறவர் சுமாரான ஆள் என்றுதான் நினைப்பார்.

அதே மனிதர் 1953-இல் ஃபுளோரிடாவின் டேட்டோனா கடற்கரையில் நடந்த டேட்டோனா 200 மோட்டார் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தவர். 1958-இல் அதே கடற்கரைத் தடத்தில் ஸ்டாக் கார் பந்தயத்தையும் ஜெயித்தார். 1960-இல் இண்டியானாபோலிஸ் 500-இல் மூன்றாம் இடம். 1961, 1962 இரண்டு வருடமும், நாஸ்காருக்குப் போட்டி அமைப்பான யூசாக்கின் ஸ்டாக் கார் சாம்பியன். 1964-இல் டேட்டோனா 500-க்கு போல் பொசிஷன், அதாவது தகுதிச் சுற்றில் வேகமாக ஓட்டி முதல் இடத்திலிருந்து கிளம்பும் உரிமை. பைக், ஸ்டாக் கார், திறந்த சக்கர இண்டி கார் மூன்றிலும் முன்வரிசையில் நின்றவர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர்? எண்ண ஒரு கையின் விரல்களே போதும்.

என் வாதம் இதுதான்: அவரைக் குறைத்து மதிப்பிடக் காரணம் அவர் ஓட்டிய விதம் கிடையாது, கணக்கு எழுதியவர்கள்தான். பைக் சங்கம் பைக்கை மட்டும் எண்ணியது, நாஸ்கார் நாஸ்காரை மட்டும், யூசாக் யூசாக்கை மட்டும். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கிளட்ச்பிளேட் எழுதியது:

நல்ல இழை. ஆனால் 9 வெற்றி 9 வெற்றிதானே அண்ணே. டர்னருக்கு 17, ராபர்ட்ஸுக்கு 33, ஜூனியர் ஜான்சனுக்கு 50. வேறு வேறு வண்டி ஓட்டினார் என்பதற்காகப் பெரிய ஆள் என்று சொல்லிவிட முடியுமா? எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர் என்றும் சொல்லலாமே.

மணற்பாதை எழுதியது:

கிளட்ச்பிளேட் தம்பி, அந்த 9 எந்தெந்த வருடம் வந்தது என்று பாருங்கள். 1956-இல் ஒன்று, 1957-இல் நான்கு, 1958-இல் ஒன்று. அதற்கப்புறம் 1966 வரை ஒன்றுமே இல்லை, அந்த வருடம் மூன்று. நடுவில் எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தில் அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை, அவருடைய வாழ்க்கையின் உச்சமே அப்போதுதான்! 1958 பிப்ரவரியில் டேட்டோனாவில் ஜெயித்த கையோடு இண்டி 500 ஓட்டவேண்டும் என்று யூசாக் பக்கம் போய்விட்டார், அங்கே போனால் நாஸ்கார் கதவு மூடிவிடும்.

இந்தப் பகை தெரியாமல் இவர் கதை புரியாது. 1955 லு மான் விபத்துக்குப் பிறகு அமெரிக்க மோட்டார் சங்கமான ட்ரிபிள் ஏ பந்தயம் நடத்துவதையே விட்டுவிட்டது, அதன் இடத்தில் 1956-இல் யூசாக் வந்தது. இண்டி 500 அவர்கள் கையில். தெற்கே பில் ஃபிரான்ஸின் நாஸ்கார். இரண்டு தரப்புக்கும் ஆகவே ஆகாது. 1954-இல் இண்டியானாபோலிஸ் பிட் பகுதியிலிருந்து பில் ஃபிரான்ஸையே வெளியே அனுப்பியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஓட்டுகிறவன் மறுபக்கம் ஓட்டினால் தடை. ஆக, கோல்ட்ஸ்மித் தன் முப்பதுகளின் நல்ல வருடங்களை நாஸ்கார் ஏட்டில் ஏறாத பந்தயங்களில் செலவழித்தார். அந்த வருடங்களில் யூசாக்கில் இரண்டு முறை சாம்பியன். இதை "கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்" என்று சொல்வது நியாயமா?

வடக்குவளைவு எழுதியது:

1958 கடற்கரைப் பந்தயத்தைப் பற்றி யாராவது விரிவாக எழுதுங்கள் சார், அதைப் பற்றி அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். கடைசிச் சுற்றில் வழி தவறிப் போயும் ஜெயித்தார் என்கிறார்களே?

மணற்பாதை எழுதியது:

அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் இந்த இழையே வீண்.

முதலில் தடம். இப்போதைய டேட்டோனா ஸ்பீட்வே 1959-இல் திறந்தது. அதற்கு முன் பந்தயம் நடந்தது நிஜமான கடற்கரையில். ஏறக்குறைய இரண்டு மைல் ஏ1ஏ நெடுஞ்சாலையில் தெற்கே, ஒரு மணல் வளைவு, அப்புறம் அலை ஓரமாக ஈர மணலில் இரண்டு மைல் வடக்கே, திரும்ப ஒரு மணல் வளைவு, மறுபடி தார்ச் சாலை. மொத்தம் 4.1 மைல். பந்தய நேரத்தைக் கடல்தான் முடிவு செய்யும், ஓதம் ஏறிவிட்டால் தடமே இருக்காது. ஓட ஓட இரண்டு வளைவுகளும் குழி விழுந்து நாசமாகிவிடும், நாலைந்து சுற்றுக்கு முன்னால் திரும்பிய இடத்தில் இப்போது திரும்ப முடியாது.

1958 பிப்ரவரி 23. அந்தத் தடத்தில் நடந்த கடைசி நாஸ்கார் கார் பந்தயம். 39 சுற்று, 160 மைல். கோல்ட்ஸ்மித் ஓட்டியது ஸ்மோக்கி யூனிக் தயார் செய்த 1958 பான்டியாக். மணிக்கு 140 மைலுக்கு மேல் ஓட்டி போல் எடுத்தவர், முதல் சுற்றிலிருந்தே முன்னால். பின்னாலேயே ஃபோர்டில் கர்ட்டிஸ் டர்னர் துரத்துகிறார். டர்னர் நடுவில் ஒரு காரைத் தவிர்க்கப்போய் அலைக்குள் இறங்கி நேரத்தை இழந்தார், ஆனால் விடவில்லை, திரும்ப நெருங்கிவிட்டார்.

கடைசியில் கோல்ட்ஸ்மித்தின் வைப்பர் வேலை செய்யவில்லை. உப்புத் தண்ணீரும் மணலும் கண்ணாடியில் அப்பிக்கொண்டு எதிரே ஒன்றும் தெரியவில்லை. கடைசிச் சுற்றில் வடக்கு வளைவு வந்ததே தெரியாமல் நேராகக் கடற்கரையிலேயே போய்விட்டார்! போனவர் அங்கேயே வண்டியை வட்டமடித்துத் திருப்பிக்கொண்டு வந்து தடத்தில் ஏறி, டர்னருக்குச் சில கார் நீளம் முன்னால் கொடியைக் கடந்தார். முன்னிலையை அவ்வளவு சேர்த்து வைத்திருந்தார் என்பது ஒரு பக்கம். கண் தெரியாத நிலையில் பதறாமல் வண்டியைத் திருப்பிய நிதானம் இன்னொரு பக்கம். அந்த மணல் எந்த வேகத்தில் பிடிக்கும், எங்கே சிக்கிக்கொள்ளும் என்று டயர் வழியாகவே தெரிந்த ஒருவரால்தான் அது முடியும். ஐந்து வருடம் முன்பு அதே மணலில் 200 மைல் பைக் ஓட்டியவர் ஆயிற்றே.

டேட்டோனா கடற்கரைத் தடத்தில் பைக் பந்தயத்தையும் கார் பந்தயத்தையும் ஜெயித்த ஒரே ஆள் அவர். பைக்குகளும் 1961-இல் ஸ்பீட்வேக்குள் போய்விட்டன, தடமே இல்லாமல் போனது. அந்தப் பெருமையை இனி யாரும் பறிக்கவும் முடியாது, பங்கு போடவும் முடியாது.

வடக்குவளைவு எழுதியது:

அருமை சார், நன்றி. திரும்பி வந்து ஜெயித்தார் என்பதை மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

பழைய மெக்கானிக் எழுதியது:

பைக் பக்கத்தை யாரும் சரியாகத் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1953 டேட்டோனா 200 வெற்றி ஏன் பெரிது என்றால், அதற்கு முந்தைய நான்கு வருடமும், 1949 முதல் 1952 வரை, நார்ட்டன்தான் ஜெயித்தது. இங்கிலாந்து பைக் வந்து அமெரிக்கக் கடற்கரையில் ஹார்லியை வரிசையாகத் தோற்கடித்தது மில்வாக்கியின் ஹார்லி கம்பெனிக்கு எவ்வளவு வலித்திருக்கும். அப்போதைய விதிப்படி சைடு வால்வ் இன்ஜின் 750 சிசி வரை, ஓவர்ஹெட் வால்வ் என்றால் 500 சிசி. ஹார்லி தன் கேஆர் 750-ஐக் கொண்டுவந்தது. அதில் உட்கார்ந்து நார்ட்டனின் தொடர் வெற்றியை உடைத்தவர் கோல்ட்ஸ்மித்.

அந்தக் காலத்து அமெரிக்க பைக் பந்தயத்தில் பெரும்பகுதி மண் ஓவல். ஒரு மைல், அரை மைல். அந்த மண் ஓவல் பைக்குகளில் பிரேக்கே கிடையாது, 1969 வாக்கில்தான் அனுமதித்தார்கள். இடது காலில் இரும்பு அடிப்பாகம் கட்டிய பூட்ஸ், அதைத் தரையில் ஊன்றி, பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, த்ராட்டிலாலேயே வண்டியைத் திருப்பவேண்டும். ஹேண்டில்பார் எதிர்ப்பக்கம் பார்க்கும். இப்படிப் பத்து வருடம் ஓட்டிய ஒருவனிடம் ஒன்றரை டன் ஸ்டாக் காரைக் கொடுத்து மண் தடத்தில் விட்டால் அவனுக்கு அது புதிதாகவே இருக்காது. நான்கு சக்கரம் கூடுதல் சௌகரியம், விழமாட்டான், அவ்வளவுதான்.

அவருடைய முதல் நாஸ்கார் வெற்றி எங்கே வந்தது பாருங்கள். 1956 செப்டம்பர், பென்சில்வேனியாவின் லாங்ஹார்ன், 300 மைல், யூனிக்கின் செவர்லே. லாங்ஹார்ன் ஒரு மைல் மண் தடம், நேர்பாதையே கிடையாது, கிட்டத்தட்ட முழு வட்டம். அதாவது பச்சைக்கொடியிலிருந்து கடைசிக்கொடி வரை வண்டி சறுக்கிக்கொண்டேதான் போகும், ஸ்டியரிங்கை நேராக்கிக் கையைத் தளர்த்த ஒரு நொடி கிடைக்காது. நல்ல நல்ல ஓட்டுநர்கள் வெறுத்த தடம், பல உயிர்களையும் எடுத்த தடம். அங்கே 300 மைல் தாங்கி ஜெயிக்கிறவனுக்கு மண் பழக்கம் உடம்பிலேயே ஊறியிருக்கவேண்டும்.

ஓவல்ராணி எழுதியது:

பழைய மெக்கானிக் ஐயா சொன்னது மிகச் சரி. ஆனால் பைக்கிலிருந்து வந்தவர் இவர் ஒருவர் மட்டும் இல்லையே. ஜோ வெதர்லியும் பைக்கில் தேசிய பந்தயங்கள் ஜெயித்துவிட்டு வந்து 1962, 1963 நாஸ்கார் சாம்பியன் ஆனார். ஜோ லியனார்ட் மூன்று முறை தேசிய பைக் சாம்பியன், டேட்டோனா 200-உம் ஜெயித்தவர், பிறகு யூசாக் இண்டி கார் சாம்பியன் 1971, 1972. பன்முகத் திறமை என்றால் ஃபாய்ட், ஆண்ட்ரெட்டி, பார்னெல்லி ஜோன்ஸ் எல்லாம் இருக்கிறார்கள். ஃபாய்ட் நான்கு இண்டி, லு மான், டேட்டோனா 500 எல்லாம் ஜெயித்தவர். அந்த வரிசையில் கோல்ட்ஸ்மித்தை எங்கே வைப்பீர்கள்?

மணற்பாதை எழுதியது:

ஓவல்ராணி, இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன்.

ஃபாய்ட், ஆண்ட்ரெட்டி, ஜோன்ஸ் மூவரும் நான்கு சக்கரத்தில் எதைக் கொடுத்தாலும் ஓட்டியவர்கள். சாதனையில் கோல்ட்ஸ்மித் அவர்களுக்கு மேல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூவரில் யாரும் தேசிய அளவில் பைக் பந்தயம் ஜெயித்தவர்கள் இல்லை. வெதர்லி பைக்கும் ஸ்டாக் காரும் ஓட்டினார், இண்டி 500 ஓட்டவில்லை. உண்மையில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியவர் லியனார்ட்தான், இண்டியில் 1967-இல் மூன்றாம் இடம், கோல்ட்ஸ்மித் எடுத்த அதே இடம். பைக்கிலும் இண்டி காரிலும் லியனார்ட் மேலே, தயங்காமல் சொல்வேன். ஸ்டாக் காரில் கோல்ட்ஸ்மித் வெகுதூரம் மேலே. மூன்றையும் சேர்த்து எடை போட்டால் எனக்குக் கோல்ட்ஸ்மித், ஏனென்றால் மூன்றில் எதுவுமே அவருக்கு ஒப்புக்குப் போன இடம் இல்லை.

இண்டியை இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1958, முதல் வருடம், யூனிக்கின் கார். முதல் சுற்றிலேயே மூன்றாம் திருப்பத்தில் எட் எலிசியனும் டிக் ராத்மனும் மோதி, அந்தக் குவியலில் பதினைந்து கார் சிக்கி, பாட் ஓ'கானர் இறந்துபோனார். கோல்ட்ஸ்மித்தின் பந்தயமும் அங்கேயே முடிந்தது. அப்படி ஒரு அறிமுகத்துக்குப் பிறகு பலர் ஸ்டாக் காருக்கே திரும்பியிருப்பார்கள், கூரையாவது இருக்கிறதே என்று. அவர் அடுத்த வருடம் டெம்லர் அணியின் காரில் வந்து ஐந்தாம் இடம் எடுத்தார். அதற்கடுத்த வருடம், 1960, 26-வது இடத்திலிருந்து கிளம்பி மூன்றாவது. முன்னால் முடித்தவர்கள் ஜிம் ராத்மனும் ராட்ஜர் வார்டும், இண்டி வரலாற்றின் மிகக் கடுமையான இருவர் சண்டை அன்றைக்கு நடந்தது, அதனால் மூன்றாவதாக வந்தவரைப் பற்றி யாரும் பேசவில்லை. இதுவும் அவர் தலையெழுத்து போல.

இன்னொன்று கவனியுங்கள். அந்த வருடங்களில் இண்டியின் முகப்பு நேர்பாதை இன்னும் செங்கல்தான், 1961 பந்தயம் முடிந்த பிறகுதான் அதற்கும் தார் போட்டார்கள். ஆக இந்த மனிதர் கடற்கரை மணல், லாங்ஹார்ன் மண், இண்டி செங்கல், டேட்டோனாவின் 31 டிகிரி சரிவுத் தார், எல்லாவற்றிலும் முன்னணியில் ஓட்டியிருக்கிறார்.

கிளட்ச்பிளேட் எழுதியது:

சரி அண்ணே, யூசாக் விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் 1964-க்குப் பிறகு திரும்ப நாஸ்காருக்கு வந்துவிட்டாரே, அப்போது ஏன் குவிக்கவில்லை? கிரைஸ்லரின் சக்திவாய்ந்த ஹெமி இன்ஜின் வேறு கையில் இருந்தது.

பழைய மெக்கானிக் எழுதியது:

இதற்கு நான் சொல்கிறேன்.

இண்டியானாவைச் சேர்ந்த ரே நிக்கல்ஸ் என்பவர்தான் யூசாக் காலத்தில் அவருக்கு வண்டி கட்டியவர். 1957-இல் காட்டன் ஓவன்ஸ் டேட்டோனா கடற்கரையில் ஜெயித்த பான்டியாக்கும் நிக்கல்ஸ் தயாரித்ததுதான். 1963 ஜனவரியில் பான்டியாக்கின் தாய் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் பந்தயத்திலிருந்து விலகிவிட்டது. ஆனாலும் அந்த பிப்ரவரியில் டேட்டோனாவில் 250 மைல் சேலஞ்ச் கப் என்று ஒரு பந்தயம், நிக்கல்ஸின் சின்ன பான்டியாக் டெம்பஸ்ட்டில் 421 கன அங்குல பெரிய இன்ஜினை வைத்துக் கோல்ட்ஸ்மித் இறங்கினார். மழை. எதிரே கார்வெட், ஃபெராரி. ஃபாய்ட் ஓட்டிய கார்வெட்டை மைல் கணக்கில் பின்னால் விட்டுவிட்டு ஜெயித்தார். ஃபாய்டையே என்றால் எப்படி ஓட்டியிருக்கவேண்டும்! இதுவும் அந்த 127-இல் சேராது, ஏனென்றால் அது நாஸ்காரின் பெரிய தொடரைச் சேர்ந்த பந்தயம் இல்லை.

அப்புறம் நிக்கல்ஸ் கிரைஸ்லர் பக்கம் வந்தார். 1964 டேட்டோனா 500, புது 426 ஹெமி, கிரைஸ்லரின் பிளிமத் கார், கோல்ட்ஸ்மித் போல்: மணிக்கு 174.910 மைல். முந்தைய வருட போல் 160.943. ஒரே வருடத்தில் 14 மைல் ஏற்றம். இன்றைக்கு அரை மைல் கூடினாலே கொண்டாடுகிறார்கள். அந்த வேகத்துக்கு ஏற்ற டயரோ பிரேக்கோ அன்றைக்கு இல்லை, உள்ளே உட்கார்ந்திருப்பவனின் துணிச்சல் மட்டும்தான் கூடியது. பந்தயத்தில் பெட்டி முதல், ஜிம்மி பார்டூ இரண்டாவது, கோல்ட்ஸ்மித் மூன்றாவது, மூன்றும் பிளிமத்.

1965-இல் நாஸ்கார் ஹெமியைத் தடுத்தது, கிரைஸ்லர் கோபித்துக்கொண்டு விலகியது. பெட்டியே இழுவைப் பந்தயம் (டிராக் ரேஸ்) ஓட்டப் போய்விட்டார். கம்பெனிக்கு ஓட்டிய எல்லோருக்கும் அந்த வருடத்தின் பெரும்பகுதி நாஸ்காரில் போனது போனதுதான். யூசாக்கில் ஹெமிக்குத் தடை இல்லை, நிக்கல்ஸ் அணி அங்கே ஓடியது. ஆக 1966-இல்தான் மறுபடி ஒழுங்காக இறங்க முடிந்தது, அதுவும் நாற்பதைத் தொட்ட வயதில். டேட்டோனா தகுதிப் பந்தயம் ஒன்று, ராக்கிங்ஹாம், பிரிஸ்டல் என மூன்று வெற்றி. அந்த வருடம் 49 பந்தயங்களில் 21 மட்டுமே ஓட்டி, புள்ளிப் பட்டியலில் ஐந்தாம் இடம். பாதிக்கும் குறைவாக ஓடி ஐந்தாவது! குவிக்கவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள் தம்பி?

கிளட்ச்பிளேட் எழுதியது:

21 பந்தயத்தில் ஐந்தாம் இடம் என்பது கனமான விஷயம்தான். அப்படியானால் நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறாரா?

ஓவல்ராணி எழுதியது:

இல்லை. பைக் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார், அமெரிக்க மோட்டார்ஸ்போர்ட்ஸ் ஹால் ஆஃப் ஃபேமிலும் இருக்கிறார். நாஸ்காரில் மட்டும் இன்னும் இல்லை.

அங்கே பழைய காலத்தவர்களுக்கென்றே முன்னோடிகள் பட்டியல் ஒன்று தனியாக வைத்து வாக்கு போடுகிறார்கள். அதன் வழியாக ரெட் ஃபார்மர் உள்ளே போனார், பெரிய தொடரில் ஒரு வெற்றிகூட இல்லாதவர். மாடிஃபைட், லேட் மாடல் என்ற சின்ன வகைப் பந்தயங்களில் அவர் செய்ததைக் கணக்கில் எடுத்தார்கள், அது சரியான முடிவு. ஆக பெரிய தொடர் எண்ணிக்கை மட்டுமே அளவுகோல் இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டாகிவிட்டது. அப்படியிருக்க, பெரிய தொடரிலேயே 9 வெற்றி, கடற்கரைத் தடத்தின் கடைசிப் பந்தயம், ஹெமி வந்ததும் டேட்டோனா 500 போல் எல்லாம் வைத்திருப்பவர் வெளியே நிற்பது எனக்கு விளங்கவில்லை.

மணற்பாதை எழுதியது:

எனக்கு விளங்குகிறது, அதுதான் வருத்தம். ஃபார்மர் ஓட்டிய சின்ன பந்தயங்களில் பலவும் நாஸ்கார் குடைக்குள் நடந்தவை. கோல்ட்ஸ்மித்தின் பெரிய வருடங்கள் எதிரி முகாமில் நடந்தவை. யூசாக் ஸ்டாக் கார் தொடரே எண்பதுகளில் மூடிவிட்டது, அதற்காகப் பேச இன்று ஒரு அமைப்பும் இல்லை, விளம்பரமும் இல்லை. தொடர் செத்தால் அதில் ஜெயித்தவர்களின் பெயரும் கூடவே போய்விடுகிறது. நார்ம் நெல்சன், டான் வைட் என்று எத்தனை பேர், இன்று யாருக்குத் தெரியும்?

1969-இல் அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டு விமானத் தொழிலுக்குப் போய்விட்டார். நிக்கல்ஸோடு சேர்ந்து இண்டியானாவின் கிரிஃபித்தில் விமான இன்ஜின்களைப் பிரித்துப் புதுப்பித்துக் கொடுக்கும் பட்டறை, அங்கேயே ஒரு சின்ன விமான நிலையம். பந்தய உலகத்தில் சுற்றிச்சுற்றி வந்து தன் பெயரைத் தானே நினைவுபடுத்திக்கொண்டிருக்கும் ஆளாக அவர் இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தார் என்று தோன்றுகிறது.

வடக்குவளைவு எழுதியது:

சார், யூசாக் ஸ்டாக் கார் தொடருக்கென்றே தனி இழை ஒன்று தொடங்குங்களேன். 1961, 1962 இரண்டு பருவத்தையும் பந்தயம் பந்தயமாகப் பார்க்கலாம், நெல்சனும் வைட்டும் அதிலேயே வந்துவிடுவார்கள். பழைய மெக்கானிக் ஐயாவும் வந்தால் நன்றாக இருக்கும்.

பழைய மெக்கானிக் எழுதியது:

வருகிறேன். மில்வாக்கி மைலிலிருந்து தொடங்குவோம். பைக், ஸ்டாக் கார், இண்டி கார் மூன்றும் ஓடிய தடம் அது.